'ஸ்வவுண்ட்' என்னும் வழக்கொழிந்த சொல்: கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையில் அதன் இடம்

சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் 'தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியண்ட் மேரினர்' என்னும் நெடுங்கவிதையை மாணவர்க்கெனப் பதிப்பித்த நூல்கள் பலவற்றில், முதற் பகுதியிலேயே ஓர் அடிக்குறிப்பு காணப்படும். தென்துருவக் கடலில் பனிப்பாறைகள் வெடித்தும் உறுமியும் எழுப்பும் ஓசைக்குக் கவிஞர் கூறும் உவமையில் 'ஸ்வவுண்ட்' என்றொரு சொல் வருகிறது. அதற்குரிய குறிப்பு ஒரே சொல்லில் அமைந்திருக்கும்: 'ஸ்வூன்', அல்லது இன்னும் எளிதாக 'ஃபெயின்ட்'. தமிழில் விளக்கம் தரும் ஆசிரியர் அதனை 'மயக்கம்' என்று கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிடுவார். நாமும் பல முறை அவ்வாறே சென்றிருக்கிறோம்.

அவ்வடிக்குறிப்பு பிழையானதன்று. எனினும் இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. கவிஞர் 1798இல் அதனை எழுதினார்; 1800இல் நீக்கினார்; பதினேழு ஆண்டுகள் கழித்து, 1817இல், மீண்டும் அதே இடத்தில் வைத்தார். வைக்கும்போது அதனோடு இயைந்து வரும் இடைச்சொல் ஒன்றை மட்டும் மாற்றினார். 'மயக்கம்' என்னும் பொருளுக்கு மேல் அச்சொல்லில் வேறொன்றும் இல்லையெனில் இத்தனை அலைவுக்கு வேண்டுதல் இல்லை. அந்த மூன்று பதிப்புகளுக்கிடையே நிகழ்ந்தது என்ன என்பதையும், அது நம் வகுப்பறை விளக்கத்தையும் தமிழாக்க முயற்சியையும் எவ்வகையில் தொடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் வடிவும்

'ஸ்வூன்' என்பதும் 'ஸ்வவுண்ட்' என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். பழைய ஆங்கிலத்தில் உணர்விழந்து கிடப்பவனைக் குறித்த 'யெஸ்வோகன்' என்னும் எச்சச் சொல்லிலிருந்து இவை கிளைத்தன என்பர். மத்திய கால ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் பல எழுத்து வடிவங்களில் இது வழங்கியது. இறுதியில் வரும் 'ட்' வேரைச் சேர்ந்ததன்று. மெல்லின 'ன்' ஒலியை அடுத்துத் தானே வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஒலியைக் குறிக்கும் 'சவுண்ட்' என்னும் சொல்லுக்கும் இதே கதைதான். இலத்தீன் 'சோனுஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோது அதன் ஈற்றில் 'ட்' இல்லை; பின்னரே சேர்ந்தது. நம் இலக்கண நூலார் இதனைத் தோன்றல் விகாரத்துள் அடக்கியிருப்பர். மருத்துவர் மயக்கத்திற்கு வழங்கும் 'சின்கோப்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'வெட்டிக் குறுக்குதல்' என்பது பொருள். சொல்லின் இடையில் எழுத்துக் கெடுவதற்கும் மேலை இலக்கணத்தார் அப்பெயரையே வைத்துள்ளனர். நம் 'இடைக்குறை' அது. மயக்கத்தின் ஒரு பெயர் எழுத்துக் குறைவதைக் குறிக்க, மற்றொரு பெயர் எழுத்து மிகுந்து நிற்பதைத் தமிழாசிரியர் சுவைக்கக்கூடும்.

ஒலிக்கும் மயக்கத்துக்கும் இடையேயான நெருக்கம் ஈற்றெழுத்தோடு முடிந்துவிடவில்லை. மத்திய கால ஆங்கிலத்தில் 'ஸ்வூ' என்று ஏறத்தாழ ஒலித்த ஒரு பெயர்ச்சொல் காற்றின் இரைச்சலையும் குறித்தது; உணர்விழப்பையும் குறித்தது. சாசரிடம் இரு பொருளிலும் அதனைக் காணலாம். இவ்விரண்டும் ஒரு வேரின் கிளைகளா, வடிவத்தால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்களா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. நம் நோக்கத்திற்கு அம்முடிவு இன்றியமையாததும் அன்று. ஒரே வாய்வடிவில் இரைச்சலும் மயக்கமும் ஒருகாலத்தே தங்கியிருந்தன என்பதே போதும்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இச்சொல் உயிரோடு இருந்தது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் முதல் அங்கத்தில், முடி மறுத்த சீசர் கூட்டத்தின் நாற்றம் பொறாமல் சாய்ந்ததைக் காஸ்கா கூற, காசியஸ் வியந்து கேட்கும் வினாவில், 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோப் பதிப்பு 'ஸ்வவுண்ட்' வடிவையே தருகிறது. அதே பதிப்பில் 'ஹாம்லெட்' நாடகத்தின் இறுதிக் காட்சியில் அரசி நஞ்சுண்டு சாய்கிறாள். அரசன் கிளாடியஸ், குருதியைக் கண்டு அவள் மயங்கினாள் என்று பொய் கூறுகிறான். அவன் வாயில் அச்சொல் 'சவுண்ட்' என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. பழக்கமில்லாதவர்க்கு 'அரசி ஒலிக்கிறாள்' என்று படிக்கத் தோன்றும். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஆண்வேடம் பூண்ட ரோசலிண்ட் குருதி தோய்ந்த கைக்குட்டையைக் கண்டு மெய்யாகவே மயங்கிவிட்டு, அது நடிப்பென்று சாதிக்கும் இடத்திலும் இதே எழுத்துக்கூட்டல் காணப்படுகிறது. ஆகவே 'ஸ்வவுண்ட்' என்னும் சொல் 'சவுண்ட்' என்னும் எழுத்துருவில் மறைந்து நின்ற காலமும் உண்டு. கோல்ரிட்ஜின் திருத்தத்தை நோக்கும்போது இச்செய்தி நமக்குத் தேவைப்படும். (அக்கால நாடகங்களில் சுட்டுக் குறியோடு வரும் 'ஸ்வூண்ட்ஸ்' என்பது வேறு, 'இறைவனின் காயங்கள்' மீது இடும் ஆணையின் சுருக்கம் அது. 1606ஆம் ஆண்டுச் சட்டம் மேடையில் இறைவன் பெயரை இழிவாக வழங்குவதைத் தடுத்தபின் இத்தகைய ஆணைகள் பல அச்சிலிருந்து மறைந்தன. மாணவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.)

பதினெட்டாம் நூற்றாண்டில் 'ட்' ஈற்று வடிவம் எழுத்து வழக்கில் அருகியது. 'ஸ்வூன்' நிலைத்தது, நிலைத்ததோடு நாவல்களின் வரவேற்பறைக்கும் குடிபோயிற்று. 1740இல் வெளிவந்த ரிச்சர்ட்சனின் 'பமேலா' நாவலில் கதைத்தலைவியின் மயக்கமே அவள் கற்புக்குக் காவலாகிறது. 1794இல் வெளிவந்த ஆன் ராட்கிளிஃப்பின் 'உடோல்ஃபோ' நாவலில் கருந்திரை விலக்கிய எமிலி நினைவிழந்து வீழ்கிறாள். இவ்வழக்கம் எந்த அளவுக்கு மலிந்தது என்பதற்கு ஜேன் ஆஸ்டின் தம் பதினான்காம் வயதில், 1790இல், எழுதிய 'லவ் அண்ட் ஃப்ரெண்ட்ஷிப்' என்னும் கேலிப்படைப்பே சான்று. அதில் இரு தோழியர் ஒருவர் மாற்றி ஒருவர் மயங்குவர். பனி படிந்த புல்லில் மயங்கிக் கிடந்ததால் நோயுற்று இறக்கும் ஒருத்தி, வெறிகொள்ளலாம், மயங்கமட்டும் கூடாது என்று அறிவுரை கூறி உயிர்விடுவாள். இச்சூழலில் ஒரு கிழமாலுமி 'ஸ்வூன்' ஆனான் என்று எழுதினால் நகை பிறந்திருக்கும். பழைய வடிவமோ அந்த அறையின் மணம் ஏறாத சொல். சீசர் சாய்ந்தபோது வழங்கிய சொல்.

மூன்று பதிப்புகள்

1797ஆம் ஆண்டு நவம்பர் முதல் மறு ஆண்டு மார்ச் வரை கோல்ரிட்ஜ் இக்கவிதையை எழுதினார். 1798இல் வோர்ட்ஸ்வொர்த்தும் அவரும் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுதியின் முதற் கவிதையாக அது அமைந்தது. அப்பதிப்பில் பனிப்பாறைகளின் ஓசை 'ஒரு ஸ்வவுண்டின் ஓசைகளை' ஒத்தது என்று வந்தது. ஆங்கிலத்தில் அங்கு நின்ற இடைச்சொல் 'ஆஃப்'. நம் மரபில் கூறின் ஆறாம் வேற்றுமைப் பொருள்.

1799ஆம் ஆண்டு அக்டோபரில் 'பிரிட்டிஷ் கிரிட்டிக்' என்னும் திங்களிதழ் இத்தொகுதிக்கு மதிப்புரை வெளியிட்டது. மொத்தத்தில் அது பாராட்டுரையே. ஆயினும் மாலுமிக் கவிதையின் ஆசிரியர் தாம் கையாளும் பழமொழியில் போதிய பயிற்சியற்றவர் என்று குறை கூறி, இரண்டு தொடர்களைப் பெயர்சுட்டிப் பொருளற்றவை என ஒதுக்கியது. ஒன்று, சூரியனுக்கு உவமையாக வந்த 'வெஃப்ட்' என்னும் சொல் அமைந்த தொடர். கப்பலில் அடையாளத்திற்கு ஏற்றும் கொடி அது. மற்றொன்று நம் 'ஸ்வவுண்டின் ஓசைகள்'. பழஞ்சொற்களை முற்றாகக் களைந்தாலும் கவிதைக்கு இழப்பில்லை என்பதும் அம்மதிப்புரையின் கருத்து.

வோர்ட்ஸ்வொர்த்தும் அதே மனநிலையில்தான் இருந்தார். 1799 ஜூனில் பதிப்பாளர் காட்டிலுக்கு எழுதிய கடிதத்தில், இக்கவிதையின் பழஞ்சொற்களும் விந்தைத்தன்மையும் வாசகரைத் தொகுதிக்குள் நுழையவிடாமல் தடுத்தன என்று வருந்தினார். 1800ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் கவிதை முதலிடத்திலிருந்து இறக்கப்பட்டு முதல் தொகுதியின் பிற்பகுதிக்குச் சென்றது. எழுத்துக்கூட்டல் புதுக்கப்பட்டது, துணையைக் குறித்த 'பீர்', பேய்த்தன்மையைக் குறித்த 'எல்ட்ரிட்ச்' போன்ற சொற்கள் வெளியேறின. 'ஒரு கவிஞனின் பகற்கனவு' என்று பொருள்படும் துணைத்தலைப்பும் ஒட்டப்பட்டது. (இத்துணைத்தலைப்பைச் சார்லஸ் லாம் கடுமையாகக் கண்டித்தார், ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வரும், தான் மெய்யான சிங்கமல்லன் என்னும் அறிவிப்போடு அதனை ஒப்பிட்டார். நம் கருத்தும் அதுவே.) 'வெஃப்ட்' நீங்கி, மூடுபனியில் மறைந்த சூரியன் அங்கு வந்தது. 'ஸ்வவுண்டின் ஓசைகள்' நீங்கி, காட்டுத்தன்மையுடைய, ஓயாத 'சவுண்ட்' வந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். 'ஸ்வவுண்ட்' என்னும் சொல் எதுகைக்காக வலிந்து கொணரப்பட்டது என்பது பலர் கூறும் விளக்கம். முன்னடி 'அரவுண்ட்' என்று முடிகிறது. அதற்கியைய 'ஸ்வூன்' நில்லாது. ஆதலால் பழைய வடிவம் உதவிற்று என்பர். ஆனால் 1800ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்விளக்கத்தை முறியடிக்கிறது. 'சவுண்ட்' என்னும் நாடறிந்த இயற்சொல் எதுகைக்கு முழுமையாகப் பொருந்தியது. இயைபு கெடவில்லை, சீர் கெடவில்லை, பொருளும் தெளிவாயிற்று. மதிப்புரையாளர்க்கும் நண்பர்க்கும் நிறைவு. எல்லாம் சரியாக அமைந்த பின்னும் கவிஞர் 1817இல் 'சிபிலைன் லீவ்ஸ்' தொகுதியில் அத்திருத்தத்தைத் தள்ளிவிட்டு, பொருளற்றது என இகழப்பட்ட சொல்லையே மீண்டும் எடுத்தார் என்றால், அது எதுகையின் பொருட்டு ஆகாது.

மேலும் ஒரு செய்தி. மதிப்புரையாளர் சுட்டிய இரண்டில் 'வெஃப்ட்' திரும்பி வரவேயில்லை. 'பீர்', 'எல்ட்ரிட்ச்' ஆகியனவும் வரவில்லை. ஆகவே 1817இல் கவிஞர் பழமை மீதான பற்றினால் கண்மூடி எல்லாவற்றையும் மீட்டார் என்று கொள்வதற்கு இடமில்லை. ஒரு கண்டனத்தை ஏற்று, மற்றொன்றை மறுத்திருக்கிறார். மறுத்ததிலும் பாதியை ஏற்றார் என்றே கூறலாம். ஏனெனில் மீண்டு வந்த சொல்லின் முன் 'ஆஃப்' இல்லை, 'இன்' நிற்கிறது. 'ஸ்வவுண்டின் ஓசைகள்' என்பது 'ஸ்வவுண்டில் எழும் ஓசைகள்' ஆயிற்று. ஆறாம் வேற்றுமை ஏழாம் வேற்றுமையானது.

இம்மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் மதிப்புரையாளரின் வினாவுக்கு இதிலேயே விடை உள்ளது. மயக்கத்திற்கு ஏது ஓசை என்பது அவர் வினா. வெளியிலிருந்து நோக்குபவர்க்கு அவ்வினா முறையானதே. மயங்கிக் கிடப்பவர் ஓசையற்றுத்தான் கிடக்கிறார். ஆறாம் வேற்றுமை அவ்வெளிப்பார்வைக்கு இடந்தந்தது. ஏழாம் வேற்றுமை நம்மை மயங்குபவரின் உள்ளே நிறுத்துகிறது. ஒருமுறையேனும் மயங்கியவர் அறிவர்: கண் முதலில் இருளும், செவியில் இரைச்சல் எழும், அருகிலிருப்போர் குரல் தொலைவிலிருந்து வருவது போல் சிதறிக் கேட்கும். மூளைக்குச் செல்லும் குருதி குறைவதால் நேரும் இந்நிலையை மருத்துவரும் விளக்கியுள்ளனர். ஆகவே மயக்கத்தில் ஓசை உண்டு. அவ்வோசைக்கு மூலம் வெளியிலா தலைக்குள்ளா என்று கேட்பவரால் பிரித்தறிய முடியாது என்பதே அதன் தனித்தன்மை.

கோல்ரிட்ஜ் துருவப் பனியைக் கண்டவரல்லர். 1798 செப்டம்பரில்தான், கவிதை எழுதி முடித்த பின்னரே, அவர் ஜெர்மனிக்குக் கடல் கடந்தார். பனிக்கடல் வருணனைகளுக்குப் பழைய கடற்பயண நூல்கள் எவ்வாறு உதவின என்பதை லிவிங்ஸ்டன் லோவஸ் 1927இல் வெளிவந்த தம் 'தி ரோடு டு சனாடு' நூலில் விரிவாக நிறுவியுள்ளார். ஆனால் வாசகருள் எத்தனை பேர் அப்பனி வெடிக்கும் ஓசையைக் கேட்டிருப்பர்? கேளாத ஓசைக்குக் கேட்ட ஓசையையே உவமை கூற வேண்டும். உலகின் கடைக்கோடியில் எழும் பேரிரைச்சலுக்கு, எவர் தலைக்குள்ளும் எழக்கூடிய இரைச்சலைக் கவிஞர் இணையாக்கினார். 1800ஆம் ஆண்டின் 'ஓயாத ஒலி' உவமையே அன்று. ஒலியை ஒலி என்று கூறுவது. அதில் பனிப்பாறை மாலுமிக்கு வெளியே நிற்கிறது. முதல் வடிவிலும் இறுதி வடிவிலும் அது அவன் மண்டைக்குள் புகுந்துவிடுகிறது.

இரண்டாம் வீழ்ச்சி

இச்சொல் கவிதையில் மற்றோரிடத்திலும் வருகிறது என்பதை அடிக்குறிப்புகள் பொதுவாகச் சுட்டுவதில்லை. ஐந்தாம் பகுதியின் இறுதியில், அசையாது நின்ற கப்பல் கட்டவிழ்ந்த குதிரை போலத் திடீரெனப் பாய்கிறது. குருதி தலைக்கேற மாலுமி 'ஸ்வவுண்டில்' வீழ்கிறான். (மயக்கத்தில் குருதி தலையை விட்டு நீங்கும், மருத்துவ மாணவர் இவ்விடத்தில் கவிஞருக்கு மதிப்பெண் குறைக்கலாம்.) எவ்வளவு நேரம் கிடந்தான் என்பதை அவன் அறியான். ஆனால் உயிர்ப்பு மீள்வதற்கு முன்னரே, ஆகாயத்தில் இரண்டு குரல்கள் பேசிக்கொள்வதை அவன் கேட்கிறான். ஒரு குரல் அவன் செய்த கொலையைக் கூறுகிறது. மற்றது அவன் செய்த கழுவாயையும் இனிச் செய்ய வேண்டுவதையும் கூறுகிறது. ஆறாம் பகுதி அவ்வுரையாடலோடு தொடங்குகிறது. அல்பட்ராஸ் பறவையைக் கொன்றதன் நீதி கவிதையில் முதன்முறையாகத் தெளிவான சொற்களில் கூறப்படுவது இங்குத்தான். அதனை அவன் கேட்பது மயக்கத்துள்.

இப்போது முதற் பகுதியின் உவமையைத் திரும்பிப் பார்க்கலாம். பறவை தோன்றுவதற்கு முன்பே, கொலைக்கு முன்பே, மயக்கத்தில் எழும் ஓசைகள் என்று மாலுமி கூறிவிட்டான். கதையை முழுதும் பட்டுணர்ந்தபின் சொல்பவன் அவன். மயக்கத்தில் என்ன கேட்கும் என்பதை அறிந்தவன் வாய்மொழி அவ்வுவமை. அங்கே பொருள் தெரியா உறுமலாக இருந்தது, ஐந்தாம் பகுதியில் பொருளுள்ள குரலாகிறது. இரண்டையும் பிணைப்பது இந்த ஒரு சொல்தான்.

1800ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விரண்டாம் இடத்தில் சொல் நீக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மயக்கத்துக்குள் வீழ்ந்தான் என்பதில் எவர்க்கும் தடையில்லை; மயக்கத்திற்கு ஓசை உண்டு என்பதே இடறியது. ஆகவே அன்று கண்டனத்துக்கு உள்ளானது சொல்லின் பழமை என்பதைவிட அதன் சேர்க்கை என்பதே பொருந்தும். முதலிடத்தில் அது நீங்கியதும் பிணைப்பு அறுந்தது. இறுதி வடிவிலோ, இரண்டாம் இடத்தின் தொடரும் சற்றுத் திருத்தம் பெற்று, இரண்டு அடிகளும் 'இன் எ ஸ்வவுண்ட்' என்றே முடிகின்றன. முன்னர் ஓரிடத்தில் 'ஆஃப்', ஓரிடத்தில் 'இன்டு' என்று வேறுபட்டு நின்றவை ஒரே தொடராக ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. இது தற்செயல் என்று கொள்ள எம்மால் இயலவில்லை.

1817ஆம் ஆண்டுப் பதிப்பின் மற்றொரு புதுமை, கவிதையின் ஓரத்தில் ஓடும் உரைநடைக் குறிப்பு. கற்றறிந்த பழைய உரையாசிரியர் ஒருவர் எழுதியது போன்ற நடையில் கோல்ரிட்ஜே அதனை இயற்றினார். மாலுமி வீழும் இடத்தில் அவ்வுரை 'டிரான்ஸ்' என்னும் சொல்லைப் பெய்கிறது. கப்பலின் விரைவு மனித உயிர் தாங்கக்கூடியதன்று ஆதலால் அவன் அந்நிலைக்கு உட்படுத்தப்பட்டான் என்று காரணமும் கூறுகிறது. 'டிரான்ஸ்' இலத்தீனில் 'கடந்து செல்லுதல்' என்னும் வினையடியாகப் பிறந்து பிரெஞ்சு வழி வந்த சொல். மூலமும் உரையும் ஒரே நிகழ்வுக்கு வேறு வேறு சொல் வழங்குவதன் நுட்பத்தைப் பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் பயின்ற நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. உரைகாரர்க்கு அது காரணம் தெரிந்த நிலை. மாலுமிக்கு அது வீழ்ச்சி. 1817இல் கோல்ரிட்ஜ் பழஞ்சொல்லை மூலத்தில் மீட்டதும் புதுச்சொல்லை ஓரத்தில் சேர்த்ததும் ஒரே கையால் நடந்தன. தெளிவு வேண்டுவோர்க்குத் தெளிவை ஓரத்தில் வைத்துவிட்டு, மாலுமியின் வாயில் அவன் சொல்லையே விட்டார்.

1800ஆம் ஆண்டுப் பதிப்பில் வோர்ட்ஸ்வொர்த் இக்கவிதையின் குறைகளென ஒரு குறிப்பு எழுதினார். மாலுமி தானாகச் செயலாற்றுவதில்லை, எப்போதும் பிறவற்றால் செயலுக்கு உள்ளாகிறான் என்பது அவற்றுள் ஒன்று. கூர்மையான நோக்குத்தான். ஆனால் அதனைக் குறை என்பதில் நமக்கு உடன்பாடில்லை. அம்பெய்த ஒரு கணம் நீங்கலாக அவன் செயப்படுபொருளாகவே இருக்கிறான், அதுவே கதை. கண்ணை மூடிக்கொள்ளலாம், செவியை மூட இமையில்லை. மயக்கத்தில் கேட்பவன் என்னும் நிலை இக்கவிதையின் தலைவனுக்கு மிகவும் பொருந்துவது.

தமிழில் கூறுங்கால்

இனி நம் பணிக்கு வருவோம். 'மயக்கம்' என்னும் தமிழ்ச்சொல் மிகப் பரந்தது. தலைச்சுற்றல், கள்வெறி, காமம், ஐயம், இலக்கணத்தில் எழுத்தும் வேற்றுமையும் கலத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தொல்காப்பியம் களவின் மெலிவு நிலைகளைக் கூறுமிடத்து மயக்கத்தை அடுத்துச் சாக்காட்டை வைக்கும். அந்தக் கனம் இன்றைய வழக்கில் இல்லை. மருத்துவமனையின் மயக்க மருந்தும், பள்ளித் திடலில் வெயிலில் நின்ற மாணவி மயக்கம்போட்டு விழுந்ததும் மாணவர் மனத்தில் முதலில் எழும். 'மயக்கத்தின் ஓசைகள்' என்று பெயர்த்தால் அது காதற்பாட்டின் தலைப்பாகிவிடும்.

'மூர்ச்சை' என்பது எமக்கு மேலும் ஏற்புடையதாகப் படுகிறது. அது வடசொல், அதன் பழமை இன்று உணரத்தக்கது. கைகேயியின் சொற்கேட்டு வீழ்ந்த தயரதனையும், பழைய நாவல்களின் மாந்தரையும் விளக்கும்போது வழங்கி, பேச்சில் அருகிவிட்ட சொல். அதன் வேருக்கு வடமொழியில் உறைதல், கெட்டியாதல், பெருகுதல் என்னும் பொருள்களும் உள. இசைநூலார் கூறும் 'மூர்ச்சனை' அதே வேரினின்று வந்தது. உறைந்த பனியும் ஓசையும் உணர்விழப்பும் ஒரு வேரில் கூடுவது கோல்ரிட்ஜுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெயர்ப்பவர்க்கு அது கிடைத்த பேறு. இயன்மொழிச் சொல்லுக்கு வடசொல்லை இடுவது, மாலுமியின் வாயில் உரைகாரரின் சொல்லை இடுவதாகாதா என்னும் தடை எழலாம், எழுவது நியாயமே. ஓர உரைக்கு வேறு சொல் தேட வேண்டிவரும். 'ஆவேசநிலை' என்பது மிகை. 'தன்னிலை கடத்தல்' என்பது 'டிரான்ஸ்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளுக்கு அணித்தாக நிற்கும். எதைத் தேர்ந்தாலும் வேற்றுமை உருபில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. 'மூர்ச்சையின் ஓசை' என்றால் 1798க்குத் திரும்பிவிடுவோம். 'மூர்ச்சையில் கேட்கும் ஓசை' என்பதே 1817. இரண்டிடத்தும், முதற் பகுதியிலும் ஐந்தாம் பகுதியிலும், அதே சொல் அதே உருபோடு வரவேண்டும். ஓரிடத்தில் மூர்ச்சை, ஓரிடத்தில் மயக்கம் என்று நடை வேறுபாட்டுக்காக மாற்றும் மொழிபெயர்ப்பாளர் 1800ஆம் ஆண்டின் பிழையைத் தமிழில் மீண்டும் செய்தவராவார்.

கவிதையின் முடிவில் இன்னொரு சொல் காத்திருக்கிறது. ஏழாம் பகுதியில் பேரோசை ஒன்று விண்ணையும் கடலையும் அறைய, கப்பல் மூழ்குகிறது. அவ்வோசையால் தாக்குண்டு மாலுமி உணர்வற்று மிதக்கிறான். அங்கு வரும் வினை 'ஸ்டன்'. கதை முடிந்தபின், திருமண விருந்துக்கு வந்தவன் வாயில்வரை வந்தும் உள்ளே செல்லாமல் திரும்பிப் போகிறான். அறிவிழந்து தாக்குண்டவன் போலப் போனான் என்னுமிடத்தும் அதே வினை. இச்சொல்லின் பிரெஞ்சு மூலத்தை இலத்தீனில் 'இடி' என்னும் பொருளுடைய அடியோடு இணைப்பர். ஓசையால் உணர்விழத்தல் என்பதே அதன் கருத்து. மாலுமிக்கு நேர்ந்தது, கேட்டவனுக்கும் கேள்வியாலேயே நேர்கிறது.

இவ்விடத்திற்கு நம் மரபில் ஓர் உவமை ஆயத்தமாக இருக்கிறது: இடியோசை கேட்ட நாகம். சங்கப் பாடல் முதல் பேச்சு வழக்கு வரை நிலைத்த அது, ஓசையால் உயிர்ப்பொடுங்கும் நிலையை நேரே காட்டுவது. மொழிபெயர்ப்பின் உள்ளே அதனை வைத்தால் சாமர்செட்டின் கடற்கரையில் எழுதப்பட்ட கதைப்பாட்டில் படமெடுத்த நாகம் ஒன்று புகுந்துவிடும். அதனை ஒப்ப இயலாது. உரையில், கோல்ரிட்ஜே திறந்துவைத்த அந்த ஓரத்தில், அதற்கு இடமுண்டு. எம் வகுப்பில் அங்குத்தான் அதனை எழுதுகிறோம்.